ஒரு வெள்ளியும் தவறாத பிள்ளை

என் மகளுக்கு இருந்த ஒரு நோயை, பனிக்காலம் முழுக்க, நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனதுக்குள் மடையனாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை. நான் நெடுங்காலமாக அப்படித்தான் காலம் தள்ளுகிறேன். ஆனால் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கோயிலில் சொன்னேன். கலியாண வீட்டில் சொன்னேன். தலைமயிர் வெட்டுகிற கடையில், கழுத்தில் கத்தி இருக்கும்போதுகூடச் சொன்னேன்.

கடைசியில் ஒரு டொக்டரிடமும் சொன்னேன். அங்கேதான் பிடிபட்டேன்.

விஷயத்துக்கு வருமுன் ஓர் அறிவித்தல். இந்தப் பத்தி என் மகளின் தணிக்கைக்குப் பிறகே அச்சுக்குப் போகிறது. அவளைப் பற்றி எழுதியிருந்த பகிடிகளை வெட்டிவிட்டாள். என்னைப் பற்றிய பகிடிகளில் ஒன்றையும் தொடவில்லை. போதாதென்று புதிதாக ஒன்றைச் சேர்த்தும் விட்டிருக்கிறாள். எது என்று சொல்லமாட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். ஆகவே, ஆரணி என்று வைத்துக்கொள்வோம்.

ஆரணிக்கு டைப் வன் டயபிற்றீஸ். ஒன்பது வயதில் வந்தது. “சின்னப் பிள்ளைக்கு எப்பிடிச் சீனி வருத்தம்? இனிப்புக் கூடக் குடுத்தனீங்களோ?” என்று அந்த நாளில் எங்களைக் கேட்காத ஆளில்லை. இது இனிப்பால் வருகிற நோயல்ல. உடம்பே தன்னுடைய இன்சுலின் தொழிற்சாலையைத் தவறுதலாக இடித்துப்போடுகிற நோய். பிறகு வாழ்நாள் முழுக்க இன்சுலினை வெளியிலிருந்துதான் ஏற்றவேண்டும். இதை எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தினோம். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தார்கள். எங்கள் பிரிட்ஜ் பச்சைப் பச்சையாக நிறைந்திருந்த காலம் அது. அவ்வளவையும் குடித்தவன் நான். வீணாக்கக் கூடாதே!

இப்போது ஆரணி ஸ்காபரோவில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். கையில் ஒரு சென்சர் ஒட்டியிருக்கிறது. அது இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று அவளுடைய போனுக்குச் சொல்லும். அவளுடைய போன் என்னுடைய போனுக்குச் சொல்லும். அதாவது, ஸ்காபரோவில் வகுப்பில் இருக்கிற பிள்ளையின் சீனி, அஜக்ஸில் ஒரு வேர்ஹவுஸில் நிற்கிற அப்பனின் சட்டைப் பையில் கிடந்து துடிக்கும்.

இந்த வசதியை எனக்குக் கொடுத்திருக்கவே கூடாது.

எனக்கு இருக்கிற ஒரே திறமை என்னவென்றால், ஒரு நீத்துப் புட்டைக் கண்ணால் பார்த்து அதில் எவ்வளவு மாச்சத்து என்று சொல்லிவிடுவேன். இடியப்பம், பாண், றோல் — எதையும் விடமாட்டேன். ஆரணியின் சீனியைக் காட்டுகிற கோடு போனில் மேலே ஏறினால், என் விரல் தானாகவே ரெக்ஸ்ற் அடிக்கும்:

“என்ன சாப்பிட்டனீ?”

காலையில் அதுதான். மத்தியானம் அதுதான். அவளுடைய பிறந்தநாள் அன்றும், வாழ்த்துக்கு முதல், அதுதான்.

முதல் பனி கொட்டிய காலத்திலிருந்து அந்தக் கோடு ஒரு போக்காக ஏறத் தொடங்கியது. இன்சுலினைக் கூட்டிப் பார்த்தாள். கேட்கவில்லை. இன்னும் கூட்டினாள். அசையவில்லை. முகத்தில் பருக்கள் வந்தன. உடம்பும் கொஞ்சம் போட்டது. நான் துப்பறியத் தொடங்கினேன்.

ஒருநாள் காருக்குள், சீற்றுக்கு அடியில், எண்ணெய் ஊறிய ஒரு மட்டன் றோல் கடதாசி அகப்பட்டது. அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளைக் காட்டுவது மாதிரி.

“இது என்ன பிள்ளை? நீ ஒளிச்சுச் சாப்பிடுறாய்!”

“அது உங்கட றோல் அப்பா.”

யோசித்துப் பார்த்தேன். என்னுடையதுதான். ஆனால் வாயைத் திறந்த பிறகு மூடுகிற பழக்கம் எனக்கில்லையே. “அப்ப மற்றதெல்லாம் எங்க சாப்பிட்டனீ?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் தன் போனை எடுத்து ஏதோ செய்தாள். என்னுடைய போனில் அந்தக் கோடு நின்றுவிட்டது. பகிர்வதை நிறுத்திவிட்டாள். ஒன்பது வயதிலிருந்து நான் பார்த்துவந்த பிள்ளையின் சீனி, அதோடு எனக்கு இல்லை.

மனம் உடைந்துபோயிருந்த எனக்கு அந்த நேரத்தில் இருந்த ஒரே ஆறுதல், கோயில்தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுப் பெண் ஒருத்தி, “இந்தக் கிழமை நான் கோயிலுக்கு வரேல்லை” என்று சொன்னால், ஆம்பிளை ஏன் என்று கேட்கக்கூடாது. வீட்டு முகட்டைப் பார்க்கவேண்டும். பிறகு கார்த் திறப்பை, அதுதான் சாவியை, தேடவேண்டும், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு. அவ்வளவுதான். மாதவிடாய் என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். (இந்தச் சொல்லை இங்கே எழுதி முடிப்பதற்குள் நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.)

என் மனைவிக்கு வெள்ளிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே அஜக்ஸிலிருந்து ஸ்காபரோ அம்மன் கோயிலுக்குப் போவது நானும் ஆரணியும்தான். முன்பெல்லாம் இடைக்கிடை அந்த “வரேல்லை” வரும். நான் முகட்டைப் பார்ப்பேன். ஆனால் இந்தப் பனிக்காலத்தில் அது வரவேயில்லை. வெள்ளிக்கு வெள்ளி, சொல்லாமலே வெளிக்கிட்டு நின்றாள். வீட்டை விட்டு வெளியே போகவேண்டாம் என்று வானொலி கத்திய வெள்ளியிலும் நின்றாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும், கோயிலுக்கு மட்டும் வந்தாள்.

எனக்கு வேறு என்ன வேண்டும்?

கோயிலில் சாப்பாட்டு வரிசையை நடத்துகிறவர் பவா அக்கா. கையில் எப்போதும் ஓர் அகப்பை இருக்கும். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் பத்திரிகையில் விளம்பரம் போடத் தேவையில்லை. ஒருநாள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“தம்பி, உங்கட பிள்ளை ஒரு வெள்ளியும் விடுறேல்லைப் போல?”

“ஒண்டும் விடமாட்டாள் அக்கா. எல்லாம் வளர்ப்பிலதான் இருக்கு” என்றேன். அடக்கமாகத்தான் சொன்னேன் — பின்வரிசைக்குக் கேட்கிற அளவு அடக்கமாக.

பவா அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய், கோயிலுக்கு வர மறுக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிமாறினார். ஆரணி எனக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது கூச்சப்பட்ட முகமில்லை.

சரி, டொக்டரிடம் வருவோம்.

ஆரணி சிறுவர் கிளினிக்கை விட்டுப் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறியிருந்தாள். புது டொக்டர், இளம்பெண். வளர்ந்த பிள்ளையோடு நீ ஏன் உள்ளே போனாய் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பது வயதிலிருந்து அவளுக்காகக் கிளினிக்கில் பதில் சொல்லிவந்த வாய் இது. அதை எங்கே கழற்றி வைப்பது?

(இனி வருகிற உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. என் பகுதியைத் தமிழில் எழுதுவது எனக்கும் நல்லது, ஆங்கிலத்துக்கும் நல்லது.)

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று டொக்டர் ஆரணியைக் கேட்டார்.

“நாங்கள் நலம்” என்றேன்.

இன்சுலினைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நான் விரிவாகச் சொன்னேன். பிறகு ஆரணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?” என்று கேட்டார்.

பழக்க தோஷத்தில் மேலே பார்த்தேன். அந்த அறையின் முகட்டில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. திறப்பைத் தேடலாம் என்றால், காரை வேறு நிறுத்தியாகிவிட்டது. பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

“மிக ஒழுங்கு டொக்டர். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போகிறாள்.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மன்னியுங்கள். கோயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?”

நல்ல கேள்வி. வேற்று இனத்துப் பிள்ளைக்கு எங்கள் பண்பாட்டை விளக்க ஒரு சந்தர்ப்பம். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எங்கள் வழக்கப்படி, அந்த நாட்களில் பெண்கள் கோயிலுக்குப் போவதில்லை.”

“சரி.”

“ஆனால் என் மகள் ஒரு வெள்ளியும் தவறவில்லை!”

“ஒன்றுகூடவா?”

“ஒன்றுகூட!”

“எப்போதிலிருந்து?”

“முதல் பனி கொட்டினதிலிருந்து!”

யன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

டொக்டர் பேனையை மறுபடி எடுத்தார். ஆரணி தன் கையிலிருந்த சென்சரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் சிரித்த முகத்தோடு இருந்தேன். பிறகு, நான் சொன்னது எனக்கே மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கியது. அந்த நாட்களில் போவதில்லை… ஒரு வெள்ளியும் தவறவில்லை… ஒரு மாதம் இரண்டு வெள்ளிகளுக்கு நடுவில் தப்பியிருக்கலாம். பனிக்காலம் முழுக்கத் தப்புமா?

சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அப்பா,” என்றாள் ஆரணி, “நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ.”

போனேன். அவளுடைய ஜாக்கெற்றையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எதிரே ஒரு மீன் தொட்டி. அந்த மீன்கள்கூட என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனமாதிரி இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. உள்ளே இருக்கிற பிள்ளையின் சீனி எவ்வளவு என்று தெரியாது. சீனியை விடுங்கள். வேறு என்னவெல்லாம் தெரியாது? கட்டியாக இருக்குமோ? வெட்டவேண்டிவருமோ? பிள்ளைக்கு இனிக் காலத்தில் ஒரு பிள்ளை..? மனம் எங்கெங்கோ போனது. கும்பிடலாம் என்று பார்த்தால், வெட்கமாக இருந்தது. அந்த அம்மனுக்கு முன்னால் நின்றுதானே அவ்வளவு பீற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆரணியே கதவைத் திறந்தாள்.

“வாங்கோ. ஆனா நீங்கள் பதில் சொல்லக்கூடாது.”

வாயை இறுக்கிக்கொண்டு போய் இருந்தேன். டொக்டர் சொன்னார்: “முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்துவோம்—”

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். “டொக்டர்! அவள் கோயிலுக்குத்தான் போனவள்!”

“அப்பா, இருங்கோ! ஆருக்கு வராட்டியும் முதல் செய்யிற டெஸ்ட் அது. இனி அந்தக் கோயிலை இழுக்காதேங்கோ, ப்ளீஸ்.”

இருந்தேன்.

பிறகு டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். என்னை டொக்டர் ஆக்கிவிடாதீர்கள். பாகற்காய்ச் சாறு குடித்த ஆள் என்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பெண்களின் சூலகங்களில், ஓவரி என்கிறோமே அதில், மாதந்தோறும் ஒரு முட்டை முற்றி வெளியே வரவேண்டும். ஹோர்மோன்கள் குழம்பினால் முட்டைகள் பாதியிலேயே நின்றுவிடும். ஸ்கானில் சின்னச் சின்னக் குமிழிகள் மாதிரித் தெரியலாம். மாதவிடாய் தள்ளிப்போகும், வராமலும் விடும். ஆண்களின் ஹோர்மோன் என்று நாங்கள் நினைக்கிறது, பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு, அது கூடிவிடும். பரு வரும். நாடியில், அதுதான் மோவாயில், முடி வரும். பிசிஓஎஸ் என்று பெயர். யாருக்கும் வரலாம். ஆனால் டைப் வன் உள்ள இளம்பெண்களில் இது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறதாம்.

ஏன்? மற்றவர்களுக்கு இன்சுலின் உள்ளே சுரந்து, முதலில் ஈரலுக்குப் போகும். ஈரல் வாசலில் நின்று தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். ஊசியாலோ பம்பாலோ தோலுக்குக் கீழே ஏற்றுகிற இன்சுலினுக்கு அந்த வாசல் இல்லை. நேரே ஊர் முழுக்கப் போகும். சூலகத்துக்கும் தேவைக்கு மேலே போகும். அது போய் அந்த ஹோர்மோனைக் கிளப்பிவிடும். பிறகு, குழம்பிய ஹோர்மோன்கள் இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. சீனி ஏறும். இன்னும் இன்சுலின் ஏற்றுவார்கள்… ரவுண்டபவுட்டில் மாட்டிக்கொண்ட கார் மாதிரி.

எனக்குப் பதில் சொல்லத்தான் தடை. கேள்வி கேட்கத் தடையில்லை. கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

“அப்படியென்றால்… அந்தச் சீனி ஏறினது, அவள் ஒளித்துச் சாப்பிட்டதால் இல்லையா?”

டொக்டர் ஆரணியைப் பார்த்தார். ஆரணி என்னைப் பார்த்தாள்.

“யார் ஒளித்துச் சாப்பிட்டது?” என்று டொக்டர் கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கானும் எழுதித் தந்தார். தைரொயிட் போல வேறு காரணங்கள் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டுமாம். பயப்படவேண்டியதில்லை, கட்டுப்படுத்தலாம், காலம் வரும்போது பிள்ளை பெறுவதற்கும் வழிகள் உண்டு என்றார். அந்தக் கடைசி வசனத்தை ஆரணிதான் கேட்டு வாங்கினாளாம், நான் மீன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். எனக்காக டொக்டர் இன்னொரு தரம் சொன்னார்.

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒருவரும் இறங்கி ஓடமுடியாது.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“அம்மாட்டச் சொன்னன். படிப்பு டென்ஷனா இருக்கும் எண்டவ. அப்பாட்டச் சொல்லாதை, அவர் டென்ஷனாவார் எண்டும் சொன்னவ.”

“நான் டென்ஷனாகமாட்டன்!” என்று கத்தினேன். பக்கத்துக் காரில் இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது.

“தெரியுது” என்றாள்.

கொஞ்சத் தூரம் ஊர்ந்தோம்.

“நான் எப்பிடியப்பா உங்களிட்டச் சொல்லுறது? பீரியட் வரேல்லை எண்டா என்ன சாப்பிட்டனீ எண்டு கேப்பியள். முகத்தில முடி வருது எண்டா, என்ன சாப்பிட்டனீ? லைக், சீரியஸ்லி, நான் செத்தாலும் வந்து என்ன சாப்பிட்டனீ எண்டுதான் கேப்பியள்.”

மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மூடினேன். (பாருங்கள், பழக்கம் வருகிறது.)

“அப்ப ஏன் பிள்ளை ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்கு வந்தனீ? என்னோட கதைக்கவும் இல்லை…”

“கும்பிடத்தான்.”

“என்னெண்டு?”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அடுத்த வெள்ளி வர ஏலாமப் போகவேணும் எண்டு.”

நான் எடுக்கவேண்டிய எக்ஸிற்றை விட்டுவிட்டேன்.

அடுத்ததையும் விட்டேன். கண் கொஞ்சம் கலங்கினால் அப்பிடித்தான், போர்ட் தெரியாது. ஆரணிதான் முதலில் சிரித்தாள். “அப்பா, இப்பிடியே போனா மொன்றியல் வரும்.” பக்தி என்று நான் ஊரெல்லாம் சொன்னது முழுப் பொய்யில்லைத்தான். எனக்குத்தான் என்ன வேண்டுதல் என்று தெரியவில்லை.

காரைத் திருப்பி, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். ஆரணி ஒரு மட்டன் றோல் வாங்கினாள். பம்பில் இன்சுலின் போட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து எனக்கு முன்னால் இருந்து கடித்தாள்.

“கேளுங்கோ” என்றாள்.

“என்னத்தை?”

“வாய் துடிக்குது. கேளுங்கோ.”

“…றோல் எப்பிடி இருக்கு?”

“உறைப்பு.”

அந்தப் பனிக்காலத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் சமாதானப் பேச்சு அதுதான்.

பரிசோதனைகள் வந்தன. டொக்டர் சந்தேகப்பட்டதுதான். மாதவிடாயை ஒழுங்குபடுத்த ஒரு குளிசை எழுதித் தந்தார். உலகம் வேறொரு காரணத்துக்காக, பிள்ளை உண்டாகாமலிருக்க, போடுகிற குளிசை. என் மனைவி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கலியாணம் கட்டாத பிள்ளைக்கு உது ஏனப்பா?”

“அம்மா, குளிசைக்குக் கலியாணம் தெரியாது. ஹோர்மோன்தான் தெரியும்” என்றாள் ஆரணி.

மனைவி பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். “நான்தான் அண்டைக்கே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மட்டன் றோல் கடதாசியோடு வந்தவனுக்கு மற்றவர்களைக் குறை சொல்ல என்ன உரிமை?

பிறகு அந்தக் குளிசையை எடுத்துவருவது என் பொறுப்பாயிற்று. பிளாசாவில் இருக்கிற மருந்துக் கடையில் வரிசையில் நிற்கிறேன். பின்னால் ஒரு குரல்.

“என்ன தம்பி, மருந்து எடுக்க வந்தனீங்களோ?”

பவா அக்கா! அகப்பை இல்லாமல் அவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

“ஓம் அக்கா. எனக்குத்தான்” என்றேன்.

“என்ன வருத்தம்?”

“அது… இடைக்கிடை வாறது அக்கா. இப்ப கொஞ்சக் காலமா வரேல்லை. அதுக்குத்தான்.”

பவா அக்கா என்னை ஒரு விதமாகப் பார்த்தார். நான் பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடிவந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளி. வெளிக்கிட்டு நிற்கிறேன். ஆரணி சோபாவில் படுத்திருந்தபடி சொன்னாள்:

“அப்பா, இந்தக் கிழமை நான் வரேல்லை.”

தலை தானாகவே முகட்டுக்குத் திரும்பியது. பாதி வழியில் பிடித்து நிறுத்தினேன். அவளைப் பார்த்தேன். இந்த வயதில், முதன்முதலாக, என் வாயால் கேட்டேன்:

“வந்திட்டுதோ பிள்ளை?”

“ஓம் அப்பா.”

“வயித்துக்குத்தோ? சுடுதண்ணிப் போத்தல் தரட்டோ? தேத்தண்ணி? இஞ்சி போட்டு?”

“அப்பா, கூல் டவுன். போத்தல் மட்டும் தாங்கோ.” தந்தேன். “அம்மனுக்கு நான் தாங்ஸ் சொன்னன் எண்டு சொல்லுங்கோ. பவா அன்ரி கேட்டா உண்மையைச் சொல்லுங்கோ. ஐ’ம் டன் பீயிங் எ செயின்ற். இந்தப் புனிதவதி வேசம் போதும்.”

அன்று 401இல் பாடிக்கொண்டு போனேன். பூசை நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு வரிசை தொடங்கிவிட்டது. பவா அக்கா அகப்பையோடு நின்றார்.

“என்ன தம்பி, தனிய? ஒரு வெள்ளியும் விடாத பிள்ளை எங்க? …அதைவிடுங்கோ, அண்டைக்கு எடுத்த மருந்து உங்களுக்குச் சரிவந்ததோ?”

உள்ளே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஆகவே நெஞ்சு நிறைய மூச்செடுத்து, சத்தமாகச் சொன்னேன். நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து மேளம் நின்றுவிட்டது.

“நல்லா வேலை செய்யுது அக்கா! மகளுக்கு மாதவிடாய் வந்திட்டுது!”

அந்த மண்டபத்தில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. தேவாரத்துக்குக்கூட அப்படி இருக்கமாட்டார்கள். யாரோ ஒருவரின் அப்பளம் நொறுங்கிய சத்தம் கேட்டது.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? தட்டைப் பிடித்தபடியே சொன்னேன். மருந்து எனக்கில்லை என்பதை முதலில் சொன்னேன். பிறகு சென்சர், பரு, ஈரல், வாசல், ரவுண்டபவுட் எல்லாம். பக்தி என்று நான் பீற்றியதையும் சொன்னேன். வரிசை நகரவில்லை. ஒருவரும் நகரச் சொல்லவும் இல்லை. சோறு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், கரண்டியை வைத்துவிட்டு வந்து, “எந்த டொக்டர் அண்ணை?” என்று கேட்டார். இன்னொருவரும் கேட்டார். “முதல்ல உங்கட குடும்ப டொக்டரிட்டக் கேளுங்கோ. அதுக்கு முதல் பிள்ளையிட்டக் கேளுங்கோ” என்றேன். நானா இப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம்.

பவா அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் விலகிய பிறகு, என் தட்டில் பாயாசத்தை ஊற்றிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“எனக்கும் குமர் வயசில உப்பிடித்தான் தம்பி. வரும், வராது. நாடியில முடி. ஆரிட்டச் சொல்லுறது? ஆரும் கேக்கேல்லை.”

சொல்லிவிட்டு, இன்னொரு அகப்பை பாயாசம் ஊற்றினார். பவா அக்காவிடமிருந்தும் இந்த ஊரில் ஒரு செய்தி வெளியே போகாமல் இருந்திருக்கிறது. அவ்வளவு காலமாக.

வீட்டுக்கு வந்து ஆரணியிடம் முழுவதையும் சொன்னேன். மேளம் நின்றதையும் நடித்துக் காட்டினேன். அவள் சுடுதண்ணிப் போத்தலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் என் சட்டைப் பை துடித்தது. போனை எடுத்துப் பார்த்தேன். கோடு! பனிக்காலத்தோடு காணாமல்போன கோடு, நல்ல பிள்ளையாக நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஆரணி தன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“பவா அன்ரிக்குச் சொல்லுங்கோ எண்டுதான் சொன்னனான். மண்டபத்துக்கு இல்லை. முந்தி ஒண்டுமே கேக்கமாட்டியள், இப்ப மைக் இல்லாமலே அறிவிக்கிறியள்… நடுவில ஒரு கியரே இல்லையா அப்பா உங்களுக்கு?”